ஒற்றைப்படைப் பூக்கள்

மார்ச் 11

கனடாவின் இந்த வின்னிபெக்கில் இன்னும் பனி விடவில்லை. கடையின் பூப்பிரிவில் நாள் முழுக்கத் தண்டு வெட்டி விரல் மரத்துவிட்டது. ஓஸ்தாப் போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் காதலிக்கும் அந்தப் பெண்ணை, கெல்சியை, சாப்பிட அழைத்து வருகிறானாம். என் கணவர் போஹ்தான் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கென்று இருப்பது இந்த ஒரு மகன்தான். எல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டும்.

மார்ச் 15

நாசமாய்ப் போயிற்று.

வந்ததும் ரோஜாக் கொத்தை நீட்டினாள். எண்ணிவிட்டேன், தொழில் பழக்கம். பன்னிரண்டு. எங்கள் உக்ரேனில் இரட்டைப்படைப் பூ கல்லறைக்குத்தான். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படை. என் கை தானாகப் போனது. ஒன்றை உருவிக் குப்பைக்கூடையில் போட்டேன்.

"என்னாச்சு ஹலினா, அது வாடிடுச்சா?" என்றாள், முகம் சிவந்து.

"ஒண்ணுமில்ல, உட்காரும்மா."

வேறு என்ன சொல்வது? நீ செத்தவளுக்குப் பூ கொண்டுவந்திருக்கிறாய் என்று முதல்முறை வீட்டுக்கு வந்த பெண்ணிடம் சொல்வதா? போர்ஷ்ச் சூப் ஆறிப் போனது. யாரும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

மார்ச் 16

ஓஸ்தாப் போன்.

"கெல்சி கார்ல அழுதுக்கிட்டே வந்தாம்மா. இங்க ஒரு டஜன் ரோஜான்னா முழுசா அன்பு காட்டுறதுன்னு அர்த்தம். அதுல ஒண்ணைப் பிடுங்கிக் குப்பையில போட்டா?"

"அவளுக்குத் தெரியாது, சரி. உனக்குத் தெரியாதா? கடையில கூடவே நின்னேல்ல?"

"மறந்துட்டேம்மா."

மறந்துட்டானாம்! ஒன்பது வயசு வரைக்கும் அங்க வளர்ந்தவன். தாத்தா அடக்கத்துக்கு இரண்டு பூவைக் கையில பிடிச்சுக்கிட்டு என் பக்கத்திலயே நின்னவன். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமே இல்லை. இவன்மேல்தான்.

மார்ச் 22

போன் இல்லை.

மார்ச் 29

போன் இல்லை. நானாகச் செய்வேனா? மாட்டேன்.

ஏப்ரல் 6

செய்தேன். கெல்சியிடம் மன்னிப்பும் கேட்டேன். "பரவாயில்ல ஹலினா" என்றாள். ஓஸ்தாப் போனை வாங்கவில்லை, குளிக்கிறானாம்.

மே 17

கல்யாணம் நிச்சயமானதற்குக் கெல்சியின் அம்மா லொரெய்ன் வீட்டில் விருந்து. எப்படியாவது சரிசெய்துவிட வேண்டும் என்று நானே கொத்து கட்டினேன். கடையிலேயே நல்ல வெள்ளை ரோஜாவாகப் பொறுக்கி, பதினொன்று போதாது என்று பதிமூன்று.

லொரெய்ன் எண்ணினாள். "ஐயையோ, பதிமூணா? கல்யாணம் வெச்சிருக்கிற வீட்டுக்கு ஆகவே ஆகாதே!" சிரித்துக்கொண்டே ஒன்றை உருவிக் கழுவுதொட்டியில் போட்டாள். "இப்ப சரி. ஜாடியில வெச்சிடுறியா, ஹலினா?"

இத்தனை வருஷம் இங்கே பூ விற்றிருக்கிறேன், இவர்களுக்குப் பதிமூன்று ஆகாது என்பது எப்படி மறந்தது எனக்கு? மகனைப் பார்த்தேன். "லொரெய்ன் சொல்றது சரிதாம்மா, விடேன்" என்றான். அதையும் எங்கள் மொழியில் சொல்லவில்லை, ஆங்கிலத்தில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

பன்னிரண்டு பூவை, பிணத்துக்கு வைக்கிற கணக்கை, என் மகனின் நிச்சய விருந்தில் என் கையாலேயே ஜாடியில் வைத்தேன்.

அன்றைக்குக் கெல்சிக்கு இப்படித்தான் இருந்திருக்குமோ? இருந்திருக்கும். ஆனால் அவளுக்காகச் சண்டை போட ஒருத்தன் இருந்தான்.

செப்டம்பர் 6

நேற்றுக் கல்யாணம் முடிந்தது. கால் வலி.

அக்டோபர் 14

தபாலில் ஓர் அட்டை. கல்யாணத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி எழுதுவது இங்கே வழக்கம். கெல்சியின் கையெழுத்து, முத்துமுத்தாக. எங்கள் திருமணத்துக்கு வருகை தந்ததற்கும், அழகான மேசை விரிப்புக்கும் மனமார்ந்த நன்றி.

அவளுக்கு இது மரியாதை. தெரியும். ஒரு குறையும் சொல்ல மாட்டேன். வேலை மெனக்கெட்டு உட்கார்ந்து எழுதியிருக்கிறாள்.

கீழே அவனும் கையெழுத்துப் போட்டிருக்கிறான். குடும்பப் பெயரோடு, முழுசாக. ஓஸ்தாப் ஹவ்ரிலூக். வேறு எந்த ஓஸ்தாப் என்று நான் குழம்பிவிடுவேனோ?

அம்மா என்று ஒரு இடத்தில்கூட இல்லை. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன்.

என் மகன் கல்யாணத்துக்கு நான் வருகை தந்தேனாம்.