மணல் மூடிய கப்பலுக்கு ஒரு சங்கு

மார்ச் 3

துறைமுக வரைபட அறையில் புதிய வரைபடம் என் மேசைக்கு வந்தது. மணல்திட்டைச் சுற்றி நான் இட்ட வட்டங்கள் ஒவ்வொன்றும் மூழ்கிய ஒரு கப்பல். திட்டின் வடமுனையில் இருந்த வட்டத்தை மட்டும் காணவில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தரைதட்டி உடைந்த பாய்மரக் கப்பல் அது.

"சோனார்ல ஒண்ணுமே தெரியலையே சார். இல்லாத கப்பலுக்கு எதுக்கு வட்டம்?" என்றார் துறைமுக அதிகாரி.

மணல் குவியும் பருவத்தில் ஒலியனுப்பிக் கடலடியை அளந்தால் எப்படித் தெரியும்? காற்று திரும்பினால் அதே மணல் விலகும். விளக்கினேன். "பார்க்கலாம்" என்றார். நன்றி கூறி எழுந்தேன். நாற்காலியைச் சத்தமின்றி உள்ளே தள்ளினேன்.

மார்ச் 9

வட்டம் போனதால் பயணிகள் படகுக்கு அந்த இடத்தின் மேலேயே குறுக்குவழி திறக்கிறார்கள். ஓட்டப்போகிறவன் என் மனைவியின் தம்பி. மதியம் சாப்பிட வந்தான். போகாதே என்றேன்.

"அத்தான், உங்களுக்கு உயிரோட இருக்கறவங்களைவிட முங்கிப்போன கப்பல் மேலதான் பாசம்."

வடமுனையை நெருங்கும் படகுகள் வேகத்தைக் குறைத்து, அங்கே மூழ்கியவர்களுக்காக ஒருமுறை சங்கு ஊதுவது வழக்கம். அதையாவது செய் என்றேன்.

"வரைபடத்துலயே கல்லறை இல்ல. யாருக்கு ஊதறது?"

"ரெண்டு பேரும் வாயை மூடிட்டுச் சாப்பிடுங்க" என்றாள் மனைவி.

மார்ச் 15

காற்று திரும்பிவிட்டது.

மார்ச் 16

மீண்டும் அதிகாரியிடம் சென்றேன். "உங்க மச்சினரே ஓட்டறேங்கறாரு, உங்களுக்கென்ன?" எனச் சிரித்தார். பட்டால்தான் தெரியும் என்பார்கள். படப்போவது யார் என்பதை எவரும் சொல்வதில்லை.

மார்ச் 17

முதல் பயணம். படகு மூழ்கிய கப்பலில் உரசிவிட்டது. எல்லோரும் பத்திரம். எல்லோரும்— இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

தொலைபேசியில் அவனே அழைத்தான். "ஊத வேணாம்னுதான் இருந்தேன் அத்தான். அந்த இடம் வந்ததும் கை கேக்கல. வேகத்தைக் குறைச்சு ஊதினேன். ஊதி முடிக்கல, அடியில கரகரன்னு..."

ஊர்ந்து சென்றதால் அடிப்பக்கத்தில் ஒரு கீறலோடு போயிற்று. முழு வேகத்தில் என்றால்— வேண்டாம், எழுத மாட்டேன். பாவிப் பயல்! அவனைத் திட்டுவதற்கென்று சேர்த்து வைத்திருந்த சொற்கள் ஒன்றுகூட வரவில்லை.

"சாப்பிட்டியாடா?" என்றேன்.

மார்ச் 18

நீர் வற்றிய வேளையில் கப்பலின் கருத்த விலா மரங்கள் மணலுக்கு மேலே நின்றன. "நல்லவேளை" என்றார் அதிகாரி. பென்சிலை அவர் முன் வைத்தேன். வட்டத்தை அவரே வரைந்தார். அவரை நான் மன்னிக்கவில்லை. ஆனால் நன்றாகத் தூங்குகிறேன்.

மார்ச் 24

படகு பழைய சுற்றுவழிக்கே திரும்பிவிட்டது. காலையில் சங்கொலி சமையலறை வரை கேட்டது. ஒருமுறை, சற்று விட்டு, இன்னொரு முறை.

"ரெண்டாவது யாருக்கு?" என்றேன்.

"உங்களுக்குத்தான். மதியம் சாப்பாட்டுக்கு வர்றானாம்" என்றாள் மனைவி.

மூன்றாவது தட்டை நானே எடுத்து வைத்தேன்.