எண்பத்தாறாம் வண்டிச் சீட்டு

ஐரோலி
27.7.2025

அன்புள்ள ராணி அக்காவுக்கு,

போனில் என் குரல் கேட்டதும் நீ அழுகிறாய். நீ அழுதால் நானும் அழுகிறேன். "ரெண்டு பேரும் வாயத் தொறக்காம சார்ஜ தீக்கதுக்கா போனு?" என்று கிளாரா மைனி பிடுங்கிக்கொள்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். தாராவிப் பள்ளியில் படித்த தமிழ் இதற்காவது உதவட்டும். டோம்பிவிலியில், மைனி வீட்டில், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

ஒரு செய்தி. செம்பூரில் மலைச்சுவர் சரிந்து உங்கள் சந்து மண்ணுக்குள் போனதே, அந்த இடிபாட்டை அள்ளுவது ஒரு கான்ட்ராக்டர். அவர் ஒழுங்காக அள்ளுகிறாரா என்று மேற்பார்க்க மாநகராட்சி ஒரு கன்சல்டன்ட் கம்பெனியை அமர்த்தியிருக்கிறது. அது எங்கள் கம்பெனிதான். நானே கேட்டு அங்கே போயிருக்கிறேன்.

லாரி போகும் வழியில் பரண் கட்டியிருக்கிறார்கள். அதன்மேல் நின்று ஒவ்வொரு வண்டிக்குள்ளும் பார்க்க வேண்டும். துணி, பாத்திரம் ஏதாவது தென்பட்டால் ஓரங்கட்டித் தேட வேண்டும். இல்லையென்றால் 'பார்த்தேன், ஒன்றுமில்லை' என்ற சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சீட்டு இருந்தால்தான் வண்டி தேவ்நார் பக்கம் கொட்டப் போகும். ஒன்பது பேர் கிடைத்துவிட்டார்கள். சாஜன் மச்சான் ஒருவர்தான் பாக்கி. என் கண்ணுக்குத் தப்பி எதுவும் போகாது அக்கா.

உன் தம்பி,
மிக்கேல்ராஜ்


டோம்பிவிலி
2.8.2025

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாத உன்னைப் பரண்மேல் ஏற்றிவிட்டிருக்கிறார்களே என்று இத்தனை நாளில் முதல்முறையாகச் சிரித்தேன். மழைக்கோட்டைப் போட்டுக்கொள். உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது.

நேற்று சந்துக்குப் போனேன். பெண்கள் எல்லோரும் லாரிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். முதல் மூன்று நாள் நாங்களே கமேலாச் சட்டியில் மண் அள்ளித் தேடினோம். இப்போது கயிறு கட்டி எங்களை வெளியே நிறுத்திவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டு மாரிசெல்விக்கு ஆத்திரம். "சாஜன் அண்ணன் கெடைக்காம ஒரு வண்டி நவுரக் கூடாது" என்றாள். நான்தான் கையைப் பிடித்து எழுப்பினேன். "மேல நிக்கது எந் தம்பிட்டீ. அவன் பாத்துக்கிடுவான்" என்றேன். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். உன்னைப் பார்த்துக் கையசைத்தேன். நீ வண்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாய். அதுதான் சரி.

ஒன்றை நினைவில் வை. சுவர் சரிந்த அன்று விடிகாலை தண்ணீர் பிடிக்கப் போனவர் கையில் இருந்தது நீ எங்கள் கல்யாணத்துக்குக் கொடுத்த எவர்சில்வர் குடம். 'அன்பளிப்பு: மிக்கேல்ராஜ்' என்று பெயர் வெட்டியது. குடம் கண்ணில் பட்டால் வண்டியை நிறுத்து. பக்கத்தில்தான் அவர் இருப்பார். கல்லறைத் திருநாளுக்குள் மெழுகுவர்த்தி ஏற்ற எனக்கு ஒரு கல்லறை வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

உன் அக்கா


ஐரோலி
30.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வேலை முடிந்தது. மொத்தம் நூற்று நாற்பது வண்டி. மச்சான் கிடைக்கவில்லை. முதல் நாள் வெள்ளத்திலேயே கால்வாய்க்குள் அடித்துப் போயிருக்கலாம் என்கிறார்கள். 'முழுவதும் தேடியாயிற்று' என்று கம்பெனி அறிக்கை கொடுத்துவிட்டது.

கல்லறை இல்லாவிட்டால் என்ன, திருநாளன்று அவர் பேருக்குப் பூசை வைப்போம். நானும் வருகிறேன். உன்னிடமிருந்து ஒரு வரி கூட இல்லையே. கோபமா?

மிக்கேல்ராஜ்


டோம்பிவிலி
19.9.2025

தம்பிக்கு,

மாரிசெல்வி இப்போது தேவ்நாரில் இருக்கிறாள். அங்கே கொட்டுமிடத்தில் இரும்பு பொறுக்கும் பேராச்சி என்ற நம் ஊர்ப் பக்கத்துப் பெண், தமிழில் பெயர் வெட்டியிருக்கிறதே, யாருடையது என்று ஒரு குடத்தை அவளிடம் காட்டியிருக்கிறாள். குடம் நசுங்கிப்போயிருந்தது. பெயருக்கு ஒன்றும் ஆகவில்லை.

போலீஸ் அந்தக் குவியலைத் தோண்டியது. அவர் அங்கேதான் இருந்தார். கழுத்தில் போட்டிருந்த மாதா பட உத்தரியத்தை வைத்து அடையாளம் சொன்னேன்.

குவியலில் பலகை நட்டிருந்தது. ஆகஸ்டு ஒன்பது, வண்டி எண்பத்தாறு. இன்ஸ்பெக்டர் அந்த வண்டிச் சீட்டை வரவழைத்துக் காட்டினார். 'பார்த்தேன், ஒன்றுமில்லை.' கீழே உன் கையெழுத்து. குடம் குவியலின் மேலாகத்தான் கிடந்தது என்கிறாள் பேராச்சி.

உன் பெயர் உன் கண்ணில் படவில்லையா? பார்த்தாயா, பார்க்கவில்லையா? அதை மட்டும் எழுது.

சகாயராணி


ஐரோலி
23.9.2025

அக்கா,

பார்க்கவில்லை.

அன்று விடிந்ததிலிருந்து மழை. சீட்டு நனைந்தால் பேனா எழுதாது. அதனால் மழை நாளில் எல்லோரும் காலையிலேயே கட்டாகக் கையெழுத்துப் போட்டுக் கீழே நிற்கும் ஆளிடம் கொடுத்துவிடுவோம். நானும் கொடுத்தேன். மலை மறுபடியும் சரியும் என்று வண்டிகளை விரட்டினார்கள். பதினொரு வண்டி தார்ப்பாய் மூடியபடியே போயிற்று. விலக்கச் சொல்லியிருக்கலாம்.

மழை பாதிக் காரணம்தான். உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. குடத்தைப் பார்த்துவிடுவேனோ என்று பயந்தேன். மச்சானை அந்தக் கோலத்தில் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

இதையெல்லாம் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தேன். "மழைன்னு ஒரு வரி எழுதிட்டுப் போயேம்பா, யார் கேக்கப்போறா?" என்றார் மேனேஜர் வேங்கடசுப்ரமணியன். மாட்டேன் என்றேன். வேலை போய்விட்டது. போகட்டும்.

அடக்கத்துக்கு வர எனக்கு முகமில்லை. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவும் வாய் வரவில்லை.

மிக்கேல்


டோம்பிவிலி
5.10.2025

தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் அடக்கம் நடந்தது. மழை இல்லை. குடத்தையும் உள்ளே வைத்துவிடலாமா என்று மைனி கேட்டார்கள். வேண்டாம் என்றேன். பூவுக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு பாத்திரம் வேண்டும்.

மாரிசெல்வி வந்திருந்தாள். நாலு வார்த்தை கேட்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவளை எழுப்பிவிட்டவள் நான்தானே.

நீ உண்மையை எழுதினாய். அதனால் உன்னைத் திட்ட முடியவில்லை. திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

பார்சல் வந்தது. கூரியர்காரர் நீட்டிய தாளில், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன். போட்டு முடித்த பிறகுதான் அந்தக் கையெழுத்தைத் திரும்பப் பார்த்தேன். இவ்வளவு சுலபமா தம்பி?

பிரிக்கவில்லை. திருப்பி அனுப்புகிறேன். கோடி தபாலில் வருகிற பொருள் இல்லை. உடன்பிறந்தவன் எதிரே நின்று போட வேண்டும். நீ என் எதிரே நிற்பதை இப்போது என்னால் தாங்க முடியாது. என்றைக்கு முடியும் என்றும் தெரியவில்லை. அதுவரை அது உன்னிடமே இருக்கட்டும்.

கல்லறைத் திருநாளன்று வராதே. மறுநாள் போ. நான் இருக்க மாட்டேன். குடத்தைக் கல்லறைக் காவல்காரரிடம் கொடுத்து வைப்பேன். உன் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கி, உன் மச்சானுக்குக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போ.

சகாயராணி