ரோலாவில் ஒரு நியுவே

அண்ணே,

ஃப்ரிட்ஜ் கதவில் நீங்கள் எழுதி ஒட்டிய சமையல் முறைப் பட்டியல் அப்படியே இருக்கிறது. செவ்வாய்க்கு நேரே உங்கள் பெயர், அதன்மேல் மஞ்சள் கறை. ரூமை வாடகைக்கு எடுத்துக் கட்டில் கணக்கில் நமக்கு விட்டிருக்கும் பாய் காலையில் வந்து, "கட்டில் சும்மாதான கெடக்கு? நோட்டீஸ் எழுதிக் கீழ ஒட்டுங்க. நீங்கதான் சிரிக்கச் சிரிக்க எழுதுவீங்களே" என்றார். பேர் வாங்கினவனுக்கு வந்த வேலையைப் பாருங்கள்.

பேனாவை எடுத்தால் நியுவேதான் ஞாபகம் வருகிறது. அந்தப் பாலினேசியத் தீவை நீங்கள் போனில் கண்டுபிடித்த நாளோடு ரூமில் நிம்மதி போயிற்று. மொத்த நாட்டுக்கும் இரண்டாயிரம் பேர்கூட இல்லையாம். அதைப்போலப் பல மடங்கு நியுவேக்காரர்கள் நியூசிலாந்தில் பிழைக்கிறார்களாம். "கல்ஃபுக்குப் பொழைக்க வந்து, லீவு நாள்ல ரோலா மைதானத்துல நிக்கிற கூட்டங்கூடத் தேறாதுடா ஒரு நாடு!" என்று கரண்டியோடு நின்றுவிடுவீர்கள். குழம்பு அடிப்பிடிக்கும். ஆண் எத்தனை, பெண் எத்தனை, கிழம் எத்தனை என்று கேட்டு முடித்தவனுக்குத்தான் சோறு.

"பொண்ணு பாக்குறீங்களாண்ணே?" என்று கிண்டுவேன். ஒருநாள் மட்டும் சிரிக்காமல் சொன்னீர்கள்: "அங்க ஒருத்தன் செத்தா நாடே கணக்கத் திருத்தணும்டா. இங்க, கட்டில் காலின்னு நோட்டீஸ் ஒட்டுவானுங்க."

நம் ரூமில் நோய் வருவது சமையல் முறை வரும் நாளில்தான். எனக்கு முதுகுவலி, உங்களுக்கு நெஞ்சுவலி. மூன்று தடவை படுத்தீர்கள். பரோட்டாப் பொட்டலம் வந்ததும் எழுந்து, எங்கள் பங்கையும் சேர்த்துத் தின்றீர்கள்.

நான்காவது தடவை, விடியற்காலையில் சுருண்டு கிடந்து, "நெஞ்ச அடைக்குதுடா" என்றீர்கள்.

"நியுவேலேர்ந்து டாக்டர வரச் சொல்லவாண்ணே?" என்றேன் நான். ரூமே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள், அண்ணே. அதை நம்பித்தான் டியூட்டி பஸ்ஸில் ஏறினேன். மத்தியானம் பாய் போன் செய்தபோது, சைட்டில் அந்த ஜோக்கைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் எந்த ஜோக்கையும் முழுசாகச் சொல்ல முடியவில்லை. பாதியில் உங்கள் சிரிப்பு குறுக்கே வருகிறது. என்ன செய்தால் போகும் என்று கேட்கவும் ஆளில்லை.

ஐந்து தாளைக் கிழித்தபின் நோட்டீஸை எழுதிவிட்டேன். 'ஒரு ஆள் தேவை' என்று மட்டும். 'கட்டில் காலி' என்று எழுதவில்லை. பாய்க்கு இரண்டும் ஒன்றுதான்.

போன வாரம் நம் ரூம் பெயிண்டருக்குச் சமையல் முறை. "வயித்த வலிக்குதுண்ணே" என்று படுத்தான். எல்லோரும் சிரித்தார்கள். நான் லுங்கியோடு கீழே ஓடி டாக்சியை நிறுத்திவிட்டு வந்து அவன் கையைப் பிடித்து இழுத்தேன். படிக்கட்டில் அவன் அழாத குறை.

"அண்ணே, சும்மா சொன்னேண்ணே! சத்தியமா வலி இல்லண்ணே!"

"தெரியும்டா," என்றேன். "வண்டில ஏறு."