மேசையில் கேட்டது

பெர்கமோ, வியாழன்

அன்புள்ள பொகுமிலா,

உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் நலம், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நேற்று ஒரு சின்னச் சம்பவம், கவலைப்படாதே. பந்தயத்தில், மலை இறக்கத்தில் நம் ஊர் ஸேவெரின் சைக்கிளிலிருந்து விழுந்தான். எழுந்து எப்படியோ அன்றைய தூரத்தை ஓட்டி முடித்துவிட்டான். மாலையில் கால் பிடித்துவிட என் மேசையில் படுத்தவன், "மாமா, இன்னைக்கு எதுக்கு ரெண்டு விளக்கு?" என்றான். எரிந்தது ஒன்றுதான்.

தலையில் அடிபட்டிருக்கிறது என்று அவனுக்கே புரிந்துவிட்டது. "டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க. நாளைக்கு நான் ஓட்டலைன்னா அடுத்த வருஷம் எந்த அணியும் என்னைச் சேர்க்காது. மேசையில பேசுறது வெளிய போகாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

சொல்வேன்தான். அவனோ பதினோரு ஆண்டுகளாக அணித் தலைவர்களுக்குத் தண்ணீர் சுமந்தே ஓட்டியவன். ஒரு பந்தயம்கூட வென்றதில்லை. வழக்கம்போல் இரண்டு காலையும் பிடித்து முடித்தேன். துண்டுகளை மடித்து வைத்தேன். பிறகு மருத்துவரிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பந்தயம் அவனுக்கு முடிந்தது. போகும்போது, "கை தங்கமான கை மாமா. வாய்க்குத்தான் ஒரு பூட்டு வாங்கிப் போடுங்க," என்றான்.

அவன் அம்மாவை ரொட்டிக்கடையில் பார்த்தால் நீ முந்திக்கொள்ளாதே, அவனே சொல்லட்டும். இங்கே குளிர்கிறது, சாம்பல்நிற ஸ்வெட்டரை அனுப்பு. நான் செய்தது சரியா என்று ஒளிக்காமல் எழுது, எனக்கு நிச்சயமில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுது. இன்று மாலை அணியின் மீதி ஏழு பேரும் என் மேசையில் வந்து படுத்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சாப்பிடக் கூப்பிடுகிறார்கள்.

உன்,
லெயோன்