செம்புக் குழாயில் கடலை எண்ணெய்

காஞ்சிபுரம்,
12-1-1974

அப்பாவுக்கு, சங்கரபாண்டி வணங்கி எழுதுவது. நான் சுகம். கோவில்பட்டிப் பனிக்கு உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அம்மாவுக்கு இருமல் நின்றதா?

இங்கே டீசலுக்கு ஒரே தட்டுப்பாடு. அதனால் எங்கள் ஒர்க்‌ஷாப் முதலாளி காசிநாதன் தன் பழைய டீசல் காரைக் கடலை எண்ணெயில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ரப்பர் குழாய் எண்ணெயில் ஊறிக் கிழிந்து, சூடான எண்ணெய் தெறித்து என் கையில் சின்னக் கொப்புளம். ஆறிவிட்டது. பிறகு செம்புக் குழாய் போட்டு, எண்ணெய் சூடாகி இளகட்டும் என்று அதை ரேடியேட்டரின் வெந்நீர்க் குழாயோடு சேர்த்துக் கட்டினேன். டீசலில் கிளப்பி, சூடானதும் எண்ணெய்க்குத் திருப்பினேன். திருப்புட்குழி வரை போய் வந்தது, அப்பா! நம் செக்கு மாடு சுற்றிச் சுற்றி ஆட்டுகிற அதே எண்ணெய்! எனக்குக் கைகூப்பத் தோன்றியது.

செக்கு வாடையே வேண்டாமென்று உங்களோடு சண்டை போட்டுத்தானே மெக்கானிக் வேலைக்கு வந்தேன்? அந்தக் காரின் புகையில் நம் வீட்டு வாசனை வந்தது. காருக்குப் பின்னாலேயே நின்றுவிட்டேன்.

"இன்னாப்பா, புகையில நின்னுக்கினு இருக்கே? கண்ணுல தண்ணி வருது பாரு" என்றார் முதலாளி. புகைதான் என்றேன்.

தபால் எடுக்க வந்துவிடுவார்கள். நம் செக்கு எண்ணெய் ஒரு டின் அனுப்புங்கள். காருக்கு என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். சோற்றில் ஊற்றிக்கொள்ளத்தான் கேட்கிறேன்.

உங்கள் மகன்,
சங்கரபாண்டி