யார் விட்ட குமிழி

கொசுமேல் தீவு
மார்ச் 4

பாசமுள்ள நசாரியோ அண்ணாவுக்கு,

மெரிடா வெயிலில் இரும்புக்கடையில் வெந்துகொண்டிருக்கும் உனக்குத் தங்கையின் முத்தங்கள்.

நேற்று பயணிகளுக்கு வழிகாட்டித் தெற்குப் பாறையில் முக்குளித்தேன். அடேயப்பா! புயலில் முறிந்த கிளைப்பவளம் விரல் நீளம் துளிர்த்துவிட்டது. கழுகுத் திருக்கை ஒன்று என் தலைக்கு மேலேயே போனது. இருபது வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

புதுக் கேப்டன் எர்மிலோ நல்லவர்தான். ஆனால் பாதி நேரம் கைப்பேசியில் இருக்கிறார். கீழே நீரோட்டம் எங்களை இழுத்துப்போக, மேலே எங்கள் மூச்சுக் குமிழியைப் பார்த்துப் பின்னாலேயே படகோட்ட உன் கண் யாருக்கு உண்டு? ஈஸ்டருக்குள் முதலாளி அவரையே நிரந்தரமாக்கிவிடுவார். வந்துவிடேன் அண்ணா.

உன் எவலியா

மெரிடா
மார்ச் 15

அன்புள்ள எவலியா,

பவளம் துளிர்த்ததைப் படித்துக் கடையிலேயே சிரித்துவிட்டேன். ஆணி வாங்க வந்தவர், "என்னப்பா, லாட்டரி விழுந்துச்சா?" என்றார்.

என்னைக் கூப்பிடாதே. வேறு கூட்டம் விட்ட குமிழியை உன்னுடையது என்று நம்பிப் போனவன் நான். நீயும் நாலு பயணிகளும் மூன்று மணி நேரம் நடுக்கடலில் மிதந்தீர்கள். எட்டு மாதமாகியும் துறையில் நான் 'குருட்டு கேப்டன்'தான். எந்த முகத்தோடு வருவது?

நீ எழுது, அது போதும். எல்லா மீனையும் எழுதுகிறாய், தேரை மீனை மட்டும் ஏன் எழுதுவதே இல்லை?

நசாரியோ

கொசுமேல்
மார்ச் 26

அண்ணா,

கேட்டுவிட்டாய். சொல்கிறேன்.

அன்று நாம் பேசிவைத்த வழியில் நான் போகவில்லை. பாறையின் மறுபக்கக் குகையில் தேரை மீன் இருக்கும் என்று ஆசைப்பட்டுப் பயணிகளையும் கூட்டிப்போனேன். இருந்தது! முகமெல்லாம் வரி, துடுப்போரம் மஞ்சள், கொர்ரென்று ஒரு சத்தம் வேறு. அந்த அழகில் நேரமே மறந்துபோனது. எங்கள் குமிழிகள் குகைக் கூரையில் சிக்கிக்கொண்டன. மேலே வராத குமிழியை நீ எப்படிப் பார்ப்பாய்? பழி உன்மேல் விழுந்தபோது, உரிமம் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். பாவி நான்.

இன்று காலை துறையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். எர்மிலோ, "எட்டு மாசமா இத வயித்துலயா வச்சிருந்த, பொண்ணே?" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆறு மாதம் நான் கடலில் இறங்கக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். படகு உனக்காகக் காத்திருக்கிறது. என்னை மன்னிக்காவிட்டாலும் அதற்காக வா.

எவலியா

மெரிடா
ஏப்ரல் 2

எவலியா,

எனக்குத் தெரியும். அந்த வாரமே ஒரு பயணி உனக்கு நன்றி சொல்லிப் நம் படகின் முகவரிக்குப் படம் அனுப்பியிருந்தாள்; பிரித்தது நான். படத்தில் தேரை மீன். நாம் பேசிவைத்த வழியில் அது ஏது?

சொன்னால் உன் பிழைப்பு போகும். சொல்லாமல் உன் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. அதனால்தான் கிளம்பிவிட்டேன். கோபம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஒவ்வொரு கடிதத்தையும், இதிலாவது சொல்லியிருப்பாளா என்றுதான் பிரித்தேன்.

சனிக்கிழமை முதல் படகில் வருகிறேன். இந்த ஆறு மாதமும் என் பக்கத்தில் உட்கார்ந்து நீயும் குமிழி பார். நம் ஆள் கீழே இருக்கும்போது அது என்ன பாடு என்று தெரியட்டும். மேலே வெயில் கொளுத்தும், தொப்பி எடுத்து வை.

அண்ணன்
நசாரியோ

பி.கு.: நிஜமாகவே கொர்ரென்றதா?