பஞ்சமியன்று சாப்பிட்ட மீன்

லண்டன்
5.5.2025

அன்புள்ள தங்கை கஸ்தூரிக்கு,

அண்ணன் எழுதுவது. மூன்று நாளாகப் போன் அடிக்கிறேன், நீ எடுக்கவில்லை. மகள் லோஷினி குடும்ப வாட்ஸ்அப்பில் போட்ட படத்தைப் பார்த்திருப்பாய்.

வெள்ளிக்கிழமை மகள் என்னை ரை என்ற பழைய துறைமுக ஊருக்குக் கூட்டிப்போனாள். பல நூறு வருஷத்துக் கோட்டை வாசல், கூழாங்கல் பதித்த தெரு, சாய்ந்து நிற்கும் வீடுகள். துறைமுகம் என்கிறார்கள், கடலைக் காணோம். மண் சேர்ந்து சேர்ந்து கடல் இரண்டு மைல் தள்ளிப் போய்விட்டதாம். ஆற்றோரக் கடையில் பொரித்த மீன் சாப்பிட்டேன். படத்தில் இருப்பது அதுதான்.

அன்றைக்குத்தான் அம்மாவின் முதல் திதி என்று எனக்குத் தெரியாதும்மா. போன வருஷம் அம்மா இறந்த மே பன்னிரண்டையே மனதில் வைத்திருந்தேன். உன்னிடம் சொன்னபடி அன்று இங்குள்ள கோயிலில் திதி கொடுக்க இருந்தேன். பஞ்சமி முன்னாலேயே வந்துவிட்டது. ஒரே மகன், நானே தவறவிட்டேன். கோபிக்காதே.

அண்ணன்,
மதிவாணன்

காஹாங், மலேசியா
28.5.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கோபம்தான். அம்மா படத்துக்கு முன்னால் இலை போட்டு, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுப் போனைத் திறந்தால், நீங்கள் கையில் மீனோடு சிரிக்கிறீர்கள். அன்று முழுக்க அழுதேன்.

கடிதம் வந்த பிறகு மனசு ஆறிவிட்டது. சின்னத்தம்பி மாமா, "மூத்த புள்ள செய்யிற வேலையா இது?" என்று கத்தினார். "அண்ணன் தேதியத் தப்பா எண்ணிட்டாங்க மாமா. வேணும்னு செய்வாங்களா?" என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன்.

விட்டுப்போன திதியை அமாவாசையில் கொடுக்கலாமாம். அடுத்தது ஜூன் இருபத்தைந்து. அங்கே எப்போதும் குளிராமே, காதை மூடிக்கொண்டு போங்கள்.

தங்கை,
கஸ்தூரி

லண்டன்
9.6.2025

அன்புள்ள கஸ்தூரி,

நீ எனக்காக மாமாவிடம் வாதாடியதைப் படித்தபோது வெட்கமாக இருந்தது. நான் எழுதியது பொய்.

நம் கோயில் பண்டாரம் ஏப்ரலிலேயே போன் செய்து, "மே ரெண்டு, வெள்ளிக்கெழம. மறந்துடாதீங்க" என்றார். லோஷினி அன்றைக்கு லீவு எடுத்திருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் மாற்றியிருப்பாள். நான் சொல்லவில்லை. போக ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். அந்த மீன் ருசியாகவும் இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது சோறு இறங்கவில்லை.

அம்மா படுக்கையில் கிடந்த ஆறு வருஷமும் பக்கத்து ஜொகூர் பாருவில் இருந்தும் விருந்தாளி மாதிரி வந்துபோனவன் நான். எனக்கென்று மிச்சமிருந்தது இந்தத் திதி ஒன்றுதான். இருபத்தைந்தாம் தேதி செய்துவிடுகிறேன். அந்த உரிமையையாவது என்னிடம் விட்டுவை. மன்னித்துவிடு.

மதிவாணன்

காஹாங்
26.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்று நானே எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். பண்டாரம் தயங்கினார். "பொம்பள செய்யறது வழக்கமில்லம்மா" என்றார். "ஆறு வருஷம் அம்மாவக் குளிப்பாட்டி ஊட்டிவிட்டேன். அப்போ யாரும் வழக்கம் கேக்கலையே சாமி" என்றேன். தர்ப்பையை என் விரலில் மாட்டிவிட்டு மந்திரம் சொல்ல ஆரம்பித்தார்.

நீங்கள் அங்கே செய்திருந்தால் அதுவும் நல்லதுதான். மாமாவிடம் எதுவும் சொல்லவில்லை. உங்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை.

ஆனால் அண்ணே, இனி ஒவ்வொரு வருஷமும் அம்மாவுக்கு நானே கொடுக்கிறேன். திதி வரும் நாளை முன்கூட்டியே சொல்லி அனுப்புகிறேன். வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

தங்கை,
கஸ்தூரி